பரங்கிமலை இன்று தெரிந்ததா?

"வானம் ஏன் நீலமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு உங்களில் பலர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவீர்கள். தேர்வில் வரக்கூடிய கேள்வி அது. ஆனால் "தூரத்து மலை ஏன் நீலமாக இருக்கிறது? அதற்கும் அப்பாலுள்ள மலை ஏன் தெரியாமலே போய்விடுகிறது?" என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதை நான் கண்டதில்லை. கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் இதைக் கேட்டால், "தூரம் அதிகம், அதனால் தெரியவில்லை" என்று சட்டென்று பதில் வரும். தூரம்தான் காரணம் என்றால் 3,84,000 கி.மீ. தள்ளியுள்ள நிலா எப்படித் தெரிகிறது? பத்து கி.மீ. தள்ளியிருக்கும் பரங்கிமலை ஏன் பல நாள் தெரிவதில்லை?

நான் வசிப்பது தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம். இங்கே உயரமான மொட்டை மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் குன்றுகள் உண்டு. வடக்கே ஏறத்தாழ 7 கி.மீ. தூரத்தில் திரிசூலம் மலை. அதற்குச் சற்று வலப்புறமாக, சுமார் 10 கி.மீ. தூரத்தில் பரங்கிமலை. வடமேற்கே திருநீர்மலை. தென்மேற்கே வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள். இவை ஒரு நாள் கத்தி வைத்து அறுத்தாற்போல் தெளிவாக இருக்கும். மறு நாள் நீல நிழலாக இருக்கும். இன்னொரு நாள் அங்கே மலை இருந்ததற்கான அடையாளமே இருக்காது. இந்த வேறுபாட்டை அளக்க முடியும். அளந்து, நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்பதும், அதைப் பள்ளிக்கூடங்கள்தாம் செய்ய வேண்டும் என்பதும் என் கருத்து. விமான நிலையத்தில்தான் விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றனவே, நாம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மலை எப்படி மறைகிறது என்று பார்ப்போம். பெரும்பாலோர் நினைப்பது போல, இடையிலுள்ள காற்று ஒரு திரையைப் போல் மலையை மறைக்கிறது என்பது பாதி உண்மையே. மலை கருமையானது. அதிலிருந்து நமக்கு வரும் ஒளியே குறைவு. அதைத் தடுத்தால் மலை இன்னும் கருமையாக அல்லவா தெரிய வேண்டும்? நடப்பது அதற்கு நேர்மாறானது. மலைக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்றில் தூசு, புகை, உப்புத் துகள், நீர்த்திவலை எல்லாம் மிதக்கின்றன. அவற்றின் மீதும், காற்றின் மூலக்கூறுகள் மீதும் சூரிய ஒளி பட்டுச் சிதறி, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வருகிறது. ஆக, இடையிலுள்ள காற்றே ஒளிர்கிறது. தூரம் கூடக் கூட இந்தக் காற்றொளி சேர்ந்துகொண்டே போய், கருமையான மலை வெளிறிக்கொண்டே வரும். கடைசியில் மலையும் அதன் பின்னால் உள்ள அடிவானமும் ஒரே பிரகாசத்துக்கு வந்துவிடும். அப்போது மலை "காணாமல்" போகிறது. திரையரங்கில் படம் ஓடும்போது யாராவது கதவைத் திறந்தால் படம் வெளிறிப் போகிறதே, அதே கதைதான்.

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர், ஆண்டு 1924. மலைக்கும் அடிவானத்துக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரே விகிதத்தில் தேய்கிறது. அந்த விகிதத்தைக் குறிக்கும் எண்ணை நலிவு எண் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு நூற்றுக்கு இரண்டாகக் குறையும்போது சாதாரணக் கண்ணால் அதைப் பிரித்தறிய முடிவதில்லை என்று கோஷ்மீடர் வைத்துக்கொண்டார். அதன்படி 3.9 என்ற எண்ணை நலிவு எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். இவ்வளவுதான் சூத்திரம்.

ஓர் எடுத்துக்காட்டு. நலிவு எண் 0.2 என்றால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வேறுபாட்டில் 18 விழுக்காடு போய்விடும். 7 கி.மீ. தொலைவிலுள்ள திரிசூலம் மலைக்கு 25 விழுக்காடு மிஞ்சும். பரங்கிமலைக்கு 13 அல்லது 14 விழுக்காடு மிஞ்சும். இரண்டும் நன்றாகவே தெரியும். 20 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு குன்று மறைந்துவிடும். நலிவு எண் 0.5 ஆனால்? திரிசூலத்துக்கு 3 விழுக்காடுதான் மிச்சம். கூர்ந்து பார்த்தால் தட்டுப்படும். பரங்கிமலைக்கு ஒரு விழுக்காடு கூட இல்லை. ஆகவே "திரிசூலம் தெரிந்தது, பரங்கிமலை தெரியவில்லை" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அன்றைய நலிவு எண் சுமார் 0.39க்கும் 0.56க்கும் இடையில் இருந்தது என்று அளந்து சொன்னதாக ஆகிறது. காசு கொடுத்து வாங்கிய கருவி எதுவும் இதில் இல்லை.

தூசும் புகையும் அறவே இல்லாத தூய காற்றானால் எவ்வளவு தூரம் தெரியும்? மூலக்கூறுகள் மட்டுமே ஒளியைச் சிதறடிக்கும் அந்த நிலையில், கடல் மட்டத்தில் ஏறக்குறைய 300 கி.மீ. என்று கணக்கு சொல்கிறது. ராலே பிரபு 1899இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் டார்ஜிலிங் பக்கத்திலிருந்து 100 மைல் தள்ளியுள்ள எவரெஸ்ட் சிகரம் பளிச்சென்று தெரிவதை எடுத்துக்கொண்டு, காற்றின் மூலக்கூறுகளே வானத்தின் நீலத்துக்குப் போதுமான காரணம் என்று வாதாடினார். தேர்வில் நீங்கள் எழுதும் விடைக்கு நம் நாட்டிலிருந்து தெரியும் மலை ஒன்று சாட்சி சொல்லியிருக்கிறது என்பது பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி.

எங்கள் வட்டாரத்துக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி, 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். செம்பாக்கத்துக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிப் போகும் கோடு அது. இந்திய நிலப்பரப்பையே முக்கோணங்களால் அளந்த மாபெரும் அளவைப் பணியின் தொடக்கம் அந்தக் கோடுதான். அடிக்கோட்டுக்குப் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. குன்றுக்குக் குன்று தியோடலைட்டால் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். பார்த்தால்தானே கோணம்? எனவே காற்று தெளிவாக இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும். மழை பெய்து தூசு அடங்கும் காலமே அவர்களுக்கு ஏற்ற காலம். அதற்காக மழைக்காலத்தில் காட்டுக்குள் போய்க் காய்ச்சலுக்கு இரையானவர்கள் பலர். பின்னால் வந்த எவரெஸ்ட், வடக்கே கங்கைச் சமவெளியின் மூட்டத்தை வெல்லக் கோபுரங்கள் கட்டினார். சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப்பைப் பயன்படுத்தினார். இரவில் விளக்கு ஏற்றிப் பார்த்தார்.

இனி விமான நிலையக் கருவிகளுக்கு வருவோம். ஓடுபாதையின் ஓரத்தில் இரண்டு தூண்கள் நிற்கும். ஒன்றிலிருந்து ஒளிக்கற்றை புறப்படும்; மற்றொன்றில் ஒளி உணரி இருக்கும். போன ஒளி எவ்வளவு, வந்து சேர்ந்த ஒளி எவ்வளவு என்பதிலிருந்து நலிவு எண் கிடைக்கும். இதற்கு டிரான்ஸ்மிசோமீட்டர் என்று பெயர். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் 'த்ருஷ்டி' என்ற பெயரில் இதை நம் நாட்டிலேயே உருவாக்கி, அது டில்லி போன்ற விமான நிலையங்களில் இயங்குகிறது. மூடுபனியில் விமானத்தை இறக்கும் விமானிக்கு இந்தக் கருவி செய்யும் உதவிக்கு ஈடில்லை. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று.

ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் பயன்படும். தூண்களுக்கு இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் வரை மட்டுமே தெரியும் அடர்ந்த மூடுபனியில், அந்த 30 மீட்டருக்குள்ளேயே ஒளியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அளப்பது எளிது. பார்வைத் தூரம் 10 கி.மீ. உள்ள நாளில்? அதே 30 மீட்டரில் குறைவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். லென்சின் மேல் சற்றுத் தூசு படிந்தாலும், ஒரு சிலந்தி நூல் கட்டினாலும் அவ்வளவு குறைந்துவிடும். காற்றை அளந்தோமா, சிலந்தியை அளந்தோமா என்று சொல்ல முடியாது. ஓடுபாதைப் பார்வைத் தூரம் என்ற கணக்கை 2,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோவதில்லை.

இன்னொரு வகைக் கருவி, ஒளி முன்னோக்கிச் சிதறுவதை அளப்பது. இது ஒரு செம்பு அளவு காற்றை மட்டும் பார்த்துவிட்டுப் பத்து கிலோமீட்டருக்குத் தீர்ப்புச் சொல்லிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால். குப்பை எரியும் புகை ஒரு தெருவிலும், ஏரிப் பனி இன்னொரு தெருவிலும் நிற்கும் காற்று அப்படிப்பட்ட பானை அன்று.

விமானிகளுக்கு அனுப்பும் வானிலைச் செய்தியில் பார்வைத் தூரத்தை நான்கு இலக்கங்களில் மீட்டராக எழுதுவார்கள். 10 கி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 9999 என்று போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் விமானிக்குத் தேவையில்லை. ஆகவே 11 கி.மீ. தெரிந்த நாளும் 60 கி.மீ. தெரிந்த நாளும் அந்தச் செய்தியில் ஒன்றுதான். ஓர் ஊரின் காற்று ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மங்கிக்கொண்டு வருகிறதா என்று அறிய விரும்புகிறவனுக்கு அந்த 9999க்கு அப்பால் உள்ளதுதான் முக்கியம்.

"கைபேசியிலேயே காற்றுத் தரக் குறியீடு வருகிறதே?" என்று கேட்பீர்கள். வருகிறது, நல்ல காரியம். ஆனால் அந்தக் குறியீட்டுக்கு அடிப்படையான பி.எம். 2.5 என்பது ஒரு கனமீட்டர் காற்றிலுள்ள நுண்துகள்களின் எடை. அதை அளக்கும் நிலையங்களில் பல, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டே எடை போடுகின்றன. கண்ணுக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றை யாரும் உலர்த்துவதில்லை. கடலோரமான நம் பகுதியில் காற்றில் உப்புத் துகள் ஏராளம். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைந்து திவலையாகிப் பருத்துவிடும். சிதறடிக்கும் ஒளியும் பல மடங்காகும். எடை போடும் நிலையத்தில் எண் மாறாமல் இருக்கும்போதே மலை மறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், சாலைப் புழுதிக்கு எடை அதிகம். அந்த எடைக்கு அது மறைக்கும் மலை குறைவு. ஒளியின் அலைநீளத்தோடு ஒத்த அளவுள்ள நுண்ணிய புகைத்துகள்களே எடைக்கு எடை அதிகமாக மறைக்கின்றன. நுரையீரலின் அடி ஆழம் வரை போகக்கூடியவையும் அவைதாம். பரங்கிமலை தெரியவில்லை என்பதில் அழகு உணர்ச்சிக்கு மேலான செய்தி இருக்கிறது. சுத்தமான காற்றுக்காகவே டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய் சானடோரியம் தொடங்கிய ஊர் தாம்பரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தானே?

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஏப்ரல் ஒரு சான்று. கொரோனா ஊரடங்கில் வண்டிகளும் ஆலைகளும் நின்றுபோக, பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மக்கள் மாடியில் ஏறி இமயத்தின் தௌலாதார் மலைத்தொடரைக் கண்டார்கள். படங்கள் உலகமெங்கும் போயின. முப்பது ஆண்டுகளில் முதல் தடவை என்றார்கள். சில செய்திகளில் தூரம் 200 கி.மீ. என்றும் வந்தது, வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், சுமார் 120 கி.மீ.தான் இருக்கும். (பேருந்து போகும் தூரத்தில் ஒளி போவதில்லை!) மலை தெரிந்தது உண்மை. ஆனால் ஜலந்தரில் ஒரு பள்ளியாவது முப்பது ஆண்டுகளாக "இன்று மலை தெரிந்ததா" என்று எழுதி வந்திருந்தால், அந்த ஏப்ரல் வெறும் வியப்பாகப் போயிருக்காது. மழை ஓய்ந்த நாட்களில் முன்பும் தெரிந்தது உண்டா, எந்த ஆண்டிலிருந்து குறைந்தது என்று புள்ளி வைத்து வரைந்து காட்டியிருக்கலாம். "எங்கள் காலத்தில் தெரியும்" என்று பெரியவர்கள் சொல்வதை வைத்துக்கொண்டு எந்த ஆலையையும் எந்த அதிகாரியையும் கேள்வி கேட்க முடியாது.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 1977இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, 156 தேசியப் பூங்காக்களிலும் வனப்பகுதிகளிலும் மனிதனால் உண்டான மூட்டத்தை நீக்குவது குறிக்கோள் என்று எழுதினார்கள். அதை நிறைவேற்றப் பல கிலோமீட்டர் நீள ஒளிப்பாதை கொண்ட டிரான்ஸ்மிசோமீட்டர்களை மலைக்கு எதிர் மலையில் வைத்தார்கள். ஒரே காட்சியை ஒரே இடத்திலிருந்து நாள்தோறும் படம் பிடிக்கும் காமிராக்களையும் வைத்தார்கள். முதலாவது நம்மால் இப்போது ஆகாது. இரண்டாவது ஏன் ஆகாது? எல்லார் வீட்டிலும் கைபேசி இருக்கிறது.

செய்முறை இதுதான். பள்ளியின் மொட்டை மாடியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சுண்ணாம்பால் குறியிடுங்கள். அங்கிருந்து தெரியும் மலை, கோபுரம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் திசையோடு குறித்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் வரைபடத்தில் அளந்து எழுதுங்கள். கருமையான பொருளாகவும், அடிவானத்தை ஒட்டி நிற்பதாகவும் இருக்க வேண்டும். வெள்ளையடித்த கட்டடம் உதவாது. சூரியன் எதிரே வராத வடக்குத் திசை பெரும்பாலான மாதங்களில் நல்லது. நேரம் காலை 8.30. இந்திய வானிலைத் துறையின் நிலையங்கள் அளவெடுக்கும் நேரமும் அதுவே. உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட வசதி. மலை தெரிகிறது, மங்கலாகத் தெரிகிறது, தெரியவில்லை என்று மூன்று நிலை போதும். பக்கத்தில் ஈர உலர் குமிழ் வெப்பமானியின் அளவைக் குறியுங்கள். ஈரப்பதம் 95 இருக்கும்போது மறைந்த மலையும் 55 இருக்கும்போது மறைந்த மலையும் ஒன்றாகா. பின்னதில்தான் புகையின் மீதும் புழுதியின் மீதும் சந்தேகம் வலுக்கும். முடிந்தால் ஒரு படமும் எடுங்கள். கைபேசி தானாகவே படத்தைத் "தெளிவாக்கி" விடும் வேலையை மட்டும் நிறுத்தி வையுங்கள். அது உங்கள் மூட்டத்தைத் துடைத்து எறிந்துவிடும்!

மலை இல்லாத ஊர் என்றால்? தஞ்சை மாணவர்களுக்குப் பெரிய கோயில் விமானம் இருக்கிறது, கடற்கரை ஊர்களில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு யானைமலை இருக்கும்போது நான் சொல்லவே வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பாக என் நண்பர் ஒருவர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பள்ளி ஆசிரியர். "ஆளுக்கு ஆள் கண் மாறும், பிள்ளைகள் எழுதுவதை யார் ஏற்பார்கள்?" என்றார். கண் மாறும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே நேரத்தில் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும் என்கிறேன். வானிலை நிலையங்களிலும் பல காலமாக ஆட்கள் இப்படித்தான் குறித்த தூரத்துப் பொருள்களைக் கண்ணால் பார்த்து எழுதி வந்தார்கள். கருவிகளை அளவு திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்த்ததும் அந்தக் கண்களோடுதான். எனக்கு உள்ள கவலை வேறு. எங்கள் பகுதியில் அடுக்குமாடிகள் எழும் வேகத்தைப் பார்த்தால், இன்னும் சில ஆண்டுகளில் புகை மறைக்குமுன் கட்டடங்களே மலையை மறைத்துவிடும். அதனால் இரண்டு மூன்று இலக்குகளைச் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். ஒன்று மறைந்தால் எந்தத் தேதியில் எந்தக் கட்டடத்தால் மறைந்தது என்று நோட்டில் குறித்துவிட்டு மற்றதைத் தொடருங்கள்.

எப்போது தொடங்குவது? மார்கழி முதல் தேதி நல்ல நாள். 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகைக் காலையில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து கவிந்துகொள்ள, விமானங்கள் இறங்க முடியாமல் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. தை பிறக்குமுன் வரும் அந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் படுத்துவிடும். மேலே சூடான காற்று மூடி போட்டாற்போல் நிற்கும். எரித்த பாயும் டயரும் விட்ட புகை மேலே போக வழியில்லை. புகைத்துகள் ஒவ்வொன்றும் பனித்துளிக்குக் கருவாகிறது. மார்கழி முழுவதும் உங்கள் நோட்டில் பதிவு இருந்தால், போகிக் காலை வழக்கமான மார்கழிப் பனியா, அதற்கு மேல் நாம் சேர்த்ததா என்று உங்கள் தெருக்காரர்களிடம் எண்ணைக் காட்டிப் பேசலாம். போகியன்று பள்ளி விடுமுறையாக இருந்தால், மொட்டை மாடி உள்ள மாணவர் ஒருவரிடம் அன்றைய பொறுப்பை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள்.